திருப்பிப் போட்ட சட்டை

வதந்திகளில் எது பொய், எது மெய் என்று பார்க்கும் சரிபார்ப்பு மேசைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதல் மாதம் உங்களுக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உடுப்பு வதந்திகளைத்தான் கொடுப்பார்கள். சட்டை முதுகில் இருக்கும் சின்ன வளையத்துக்கு ஒரு ரகசிய அர்த்தம், ஜீன்ஸில் இருக்கும் குட்டிப் பைக்கு ஒரு அர்த்தம், இன்ன நிறத்தில் செருப்பு வார் போட்டால் இன்ன கூட்டத்து ஆள் என்று ஒரு அர்த்தம். இதனாலெல்லாம் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, பிள்ளைகள் கை பழகட்டும் என்று மூத்தவர்கள் நினைப்பார்கள். எனக்கு அந்த நினைப்பு போய்விட்டது. எப்படிப் போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொடைக்கானல்காரி. ஒரு நாளிதழுக்கு மலைச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். மரம் விழுந்தது, மண் சரிந்தது, காட்டெருமை கடைவீதிக்கு வந்தது, இதுதான் என் பிழைப்பு. வேலையின் கடைசிக் காலத்தில்தான் இந்தச் சரிபார்ப்பு மேசைக்கு மாற்றினார்கள். மேசை இருந்தது மதுரையில், நான் இருந்தது மலையில். மேசைத் தலைவரோடு பேச்செல்லாம் போனில்தான். அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன்.

சேர்ந்த புதிதில் எனக்கும் ஒரு உடுப்பு வதந்தி வந்தது. கம்பளிக் குல்லாவின் உச்சியில் ஆடுகிறதே குஞ்சம், அது வெள்ளைக்காரர்கள் அடிமைகளுக்கு வைத்த அடையாளம், அதை நாம் பிள்ளைகளுக்குப் போட்டு அழகு பார்க்கிறோம் என்று ஒரு வாட்ஸ்அப் குரல். ஏரிச் சாலையில் குல்லா விற்கும் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "பின்னி முடிக்கிற எடத்துல ஒரு ஓட்டை விழும்மா. அதை மறைக்கத்தான் குஞ்சம். இதுக்காகவா மழையில வந்தீங்க?" என்றார். அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுதி அனுப்பிவிட்டேன். சிவப்பு முத்திரையில் "பொய்" என்று போட்டார்கள். பெருமையாக இருந்தது. தலைவர் மட்டும், "முத்திரை குத்துறது பாதி சோலிதான். அந்தப் பொய் யார் தலையில உட்கார்ந்திருக்குன்னு பார்க்கிறது மீதி" என்றார். பெரிய மனிதர் ஏதோ சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டேன். குஞ்சம் யார் தலையில் உட்கார்ந்திருந்தால் எனக்கென்ன?

பிறகுதான் அந்த ரீல்ஸ் வந்தது. கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பையன் மேகத்துக்கு நடுவே நின்று கத்துகிறான். "கொடைக்கானல் வந்தா இதைக் கவனிங்க மக்களே! சட்டையோட உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரி திருப்பிப் போட்டு நிக்கிறாங்கல்ல, அவங்ககிட்ட போதைக் காளான் இருக்குன்னு அர்த்தம்!" அதற்கு ஆதாரமாக மூன்று படங்கள். கடைசிப் படத்தில் பூண்டிச் சாலையின் ஒரு பஸ் நிறுத்தம். தூறலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறார். சட்டையின் தையல்கள் வெளியே தெரிகின்றன. முகமும் தெளிவாகத் தெரிகிறது.

பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொடைக்கானலைத் தாண்டி மேல்மலை ஊர்களில் பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் சட்டை போடுவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடும் பெண்களும் அப்படித்தான். நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலை. பை வெளியே இருந்தால் குனியும்போதெல்லாம் போன் சேற்றில் விழும், பைக்குள் மண் போகும். திருப்பிப் போட்டால் பை நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். போன் நழுவினாலும் இடுப்பு மடிப்பில் நிற்கும். இன்னொன்று, சட்டையின் நல்ல பக்கம் அழுக்காகாது. வேலை முடிந்ததும் நேராகப் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம், டீக்கடையில் உட்காரலாம். இவ்வளவுதான் ரகசியம்.

ஆனாலும் நேரில் போய்க் கேட்காமல் எழுதக்கூடாது. பஸ் பிடித்துப் பூண்டிக்குப் போனேன். படத்தில் இருந்த ஆளைத் தேட வேண்டியிருக்கவே இல்லை, ஊரே கை காட்டியது. அவர் பெயர் வேலுச்சாமி. மனைவி மல்லிகா. இருவரும் ஒரே காட்டில் கூலி வேலை. படம் எடுத்த அன்று மழை வலுக்கும் முன்னால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று சட்டையை நேராகப் போடாமலே ஓடி வந்திருக்கிறார்.

"ஒரு கார்க்காரன் வந்து எங்கிட்டக் கண்ணைச் சிமிட்டுறாம்மா. என்னாங்கன்னு கேட்டா இன்னொருக்கச் சிமிட்டுறான். நான் என்ன கொமரிப் புள்ளயா?" என்றார் வேலுச்சாமி.

"இந்த மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் மல்லிகா. காட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் குடும்பத்தோடு நான் சிரித்தது அன்று ஒரு தரம்தான்.

அவர் முகத்தை மறைத்து, சட்டை மட்டும் தெரிகிற மாதிரி படம் போட்டு, காரணத்தை விளக்கி எழுதினேன். "பொய்" என்று முத்திரை விழுந்தது. நன்றாகப் பரவியது. நெருப்பில்லாமல் புகையுமா என்று கீழே சில பேர் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்து பார்த்தால் தெரியும். நாள் முழுக்கப் புகைகிற மாதிரிதான் இருக்கும், கிட்டே போனால் வெறும் மேகம். வதந்தி செத்துவிட்டது என்று நினைத்து அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஏனென்றால் இதற்குமேல் நடந்தது எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரப்படாதது.

ஜீப் ஓட்டும் அந்தோணி எனக்கு நெடுநாள் பழக்கம். ஊருக்குள் நடப்பது முதலில் அவர் காதுக்குத்தான் வரும். ஒருநாள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "மேடம், நீங்க சட்டை மேட்டரைப் பொய்யின்னு போட்டீங்கல்ல? இப்ப அது ஒரிஜினலாவே நடக்குது" என்றார்.

"என்ன உளறுறீங்க?"

"லேக் பக்கம் போய்ப் பாருங்க. ரெண்டு மூணு பயலுக சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு நிக்கிறானுக. டூரிஸ்ட் நேரா அவனுககிட்டப் போறான். எனக்குத் தெரிஞ்ச பய ஒருத்தன்ட்ட, ஏன்டா இப்படின்னு கேட்டேன். 'வர்றவங்களே அதைத்தானண்ணே தேடுறாங்க, நாங்களா கண்டுபிடிச்சோம்'ங்கறான்."

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். நம் வேலைக்கென்றே சொல்லி வைத்த மாதிரி இருக்கும். நான் போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். மறுநாளும் போனேன். டீ ஆறிப்போகும் வரை நின்று கவனித்தேன். அந்தோணி சொன்னது உண்மை. காளான் விற்கிறவன் இத்தனை காலம் பயந்து பயந்து ஆள் தேடிக்கொண்டிருந்தான். ஒரு ரீல்ஸ் வந்து ஊர் அறிய அவனுக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. நான் எழுதிய அன்று அது பொய். இப்போது நாலு பேர் சேர்ந்து அதை மெய்யாக்கிவிட்டார்கள். எங்கள் தளத்தில் என்னவோ சிவப்பு முத்திரை அப்படியே நின்றது.

அதை எப்படி எழுதுவது என்று யோசித்தபடி வீட்டில் உட்கார்ந்திருந்த காலையில் மல்லிகாவிடமிருந்து போன் வந்தது.

"ரிப்போர்ட்டரம்மா, இவரைப் போலீஸு பிடிச்சுட்டுப் போயிட்டாங்கம்மா."

அழுகைக்கு நடுவே அவள் சொன்னதைக் கோர்த்துப் பார்த்தேன். வேலுச்சாமி அதே பஸ் நிறுத்தத்தில் அதே மாதிரி சட்டையோடு நின்றிருக்கிறார். நிறுத்தத்துக்குப் பின்னால் புதரில் ஒரு காளான் பொட்டலம் கிடந்திருக்கிறது. யார் வைத்ததோ தெரியாது. அவர் கையிலும் பையிலும் எதுவும் இல்லை. ஆனால் சட்டை திரும்பியிருந்தது, ரீல்ஸில் முகமும் இருந்தது. ரிமாண்ட் செய்துவிட்டார்கள்.

"நாளைக்கழிச்சு ஜாமீனுக்குக் கேக்குறாராம் வக்கீலு. வேற பிடிமானம் எதுவும் இல்லியாம். நீங்க போட்டீங்கள்ல, காட்டு வேலைக்காரவுக அப்படித்தான் போடுவாகன்னு? அதைத்தான் காட்டப் போறாராம். சட்டைக்கு அந்த அர்த்தம் கெடையாதுன்னு பெரிய ஆபீஸே விசாரிச்சுச் சொல்லியிருக்குல்ல, அதான் நமக்குப் பலம்னு சொல்றாரும்மா."

நான் வருகிறேன், தைரியமாக இரு என்று ஏதோ சொல்லி வைத்தேன்.

உடனே தலைவரைக் கூப்பிட்டேன். ஜாமீன் முடியும் வரை எதுவும் எழுத வேண்டாம், முதல் பதிவு அப்படியே இருக்கட்டும் என்றேன். எழுதாமல் இருப்பது பொய் சொல்வதாகாது என்று வாதாடினேன். அவர், "நேரில் பார்த்தது நீங்க. முடிவும் நீங்களே எடுங்க. ஒண்ணு மட்டும் விசாரிச்சுக்கங்க. நம்ம பதிவை நம்பி இன்னிக்கு யாரு என்ன செஞ்சுக்கிட்டிருக்காங்க?" என்றார்.

பூண்டிக்குப் பக்கத்து ஊரான கவுஞ்சியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குப் போன் போட்டேன். அங்கே முதல்நாள் சாயங்காலம் நடந்ததை அப்போதுதான் கேள்விப்பட்டேன். கேரட் காட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், சேலைக்கு மேல் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்திருக்கிறார்கள். ஒரு கார் பின்னாலேயே வந்திருக்கிறது. உள்ளே குடித்திருந்த பயல்கள். இருக்கா, எடு, எடு என்று இறங்கித் துரத்தியிருக்கிறார்கள். ஓடும்போது ஒரு பெண் காட்டுப் படியில் உருண்டு மணிக்கட்டு உடைந்துவிட்டது. இன்னொருத்தியிடம் போனைக் கொடுத்தார்கள்.

"சட்டையை நேராப் போட்டிருக்கலாமே தாயி? ஊரெல்லாம் பேச்சாத்தானே கெடக்கு" என்றேன்.

"நீங்கதானம்மா அது பொய்யின்னு போட்டீங்க? எங்க குரூப்புல எல்லாருக்கும் அனுப்பி விட்டாக. அதான் பயமில்லாமப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சோம்" என்றாள்.

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒரு பக்கம் உள்ளே கிடக்கிற ஒரு மனிதர். நாங்கள் வாயை மூடிக்கொண்டு நாளை மறுநாள் வரை இருந்தால் அவர் வெளியே வந்துவிடலாம். இன்னொரு பக்கம் மேல்மலை முழுக்கக் குனிந்து வேலை செய்கிற பெண்கள். எங்கள் முத்திரையை நம்பி அன்று சாயங்காலமும் அப்படியே ரோட்டுக்கு வருவார்கள். இதற்கு விடை கையேட்டில் இருக்காது. தேடாதீர்கள்.

எழுதுவதற்கு முன்னால் மல்லிகாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பலர் இதைச் செய்யமாட்டார்கள். செய்தியை முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கு அப்படி ஒளிந்துகொள்ள மனம் வரவில்லை. நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"ரெண்டு நாளு பொறுக்கக் கூடாதாம்மா? ரெண்டே நாளு. அவரு வெளிய வந்த பெறகு என்னத்தை வேணாலும் எழுதுங்க."

"இன்னிக்குச் சாயந்தரமே வேற யாரையாச்சும் துரத்தினா என்ன செய்ய மல்லிகா?"

"அவுக ஓடித் தப்பிக்கலாம்மா. இவரு எங்கிட்டு ஓடுவாரு?"

போனை வைத்துவிட்டு எழுதினேன்.

ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். காட்டு வேலைக்காரர்கள் சட்டையைத் திருப்பிப் போடுவது பழக்கம், அதில் எந்த அர்த்தமும் இல்லை. ரீல்ஸுக்குப் பிறகு ஊருக்குள் சிலர் அதை விற்பனை அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே திரும்பிய சட்டையை வைத்து எவர் மேலும் எந்த முடிவுக்கும் வர முடியாது. தொழிலாளர்கள் இப்போதைக்குச் சாலைக்கு வரும்போது சட்டையை நேராகப் போட்டுக்கொள்வது பாதுகாப்பு. தலைவர் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை. "இதை விட நியாயமா எழுத முடியாது" என்றார்.

நியாயமாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் யார் முழுதாகப் படித்தார்கள்? பொழுது சாய்வதற்குள் யாரோ இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து, "சட்டை அடையாளம் உண்மைதான், சரிபார்ப்புக் குழுவே ஒப்புக்கொண்டது" என்று தலைப்புப் போட்டு விட்டார்கள். பக்கத்திலேயே வேலுச்சாமியின் பழைய படம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வெட்டிய துண்டு மலை இறங்கி ஊர் ஊராகப் போனது. முழுப் பதிவு எங்கள் தளத்திலேயே உட்கார்ந்திருந்தது.

வக்கீல் முதல் பதிவைக் காட்டினார். எதிர்த்தரப்பில் இரண்டாவதைக் காட்டினார்கள். இரண்டும் ஒரே மேசையிலிருந்து வந்தவை, இரண்டும் என் எழுத்து. முழுதாகப் படித்துப் பாருங்கள் என்று வக்கீல் மன்றாடியிருக்கிறார். ஜாமீன் கிடைக்கவில்லை. அடுத்த தடவையும் கிடைக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அவர் வேலை செய்த காட்டுக்காரரைப் பார்த்தேன். சட்டையைப் பற்றிக் கோர்ட்டில் வந்து பேசச் சொல்லி உடன் வேலை செய்தவர்களைக் கேட்டேன். பேசுகிறோம் என்றவர்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். "எங்களையும் அதுல சேர்த்துட்டா என்னம்மா செய்ய?" என்றார் ஒருவர். அவரை நான் எந்த வாயால் திட்டுவது? பூண்டு அறுவடை முடிந்தது, மழை முடிந்து பனி இறங்கியது. வேலுச்சாமி உள்ளேயே இருந்தார். கடைசியில் பொட்டலத்துக்கும் அவருக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை என்று விட்டார்கள். விட்ட செய்தியை நாங்கள் போட்டோம். அதை யாரும் வெட்டிப் பரப்பவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. இரண்டாவது பதிவு போட்ட அன்றிலிருந்து காட்டு ஆட்கள் சாலைக்கு வரும்போது சட்டையை நேராகப் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மேல்மலையில் எந்தப் பெண்ணையும் எந்தக் காரும் துரத்தியதாக நான் கேள்விப்படவில்லை. ஆகவே நான் செய்தது சரி. இதை நான் தயங்கிச் சொல்லவில்லை. சரியானதைச் செய்தால் மனசு லேசாகும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

அவர் வீடு திரும்பியதும் பூண்டிக்குப் போனேன். மல்லிகா வாசலில் பூண்டைக் கோர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரோரம் வேலுச்சாமி போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னை அடையாளம் கண்டு தலையை மட்டும் அசைத்தார்.

"எப்படி இருக்காரு?" என்றேன்.

"காட்டுக்கு வரச் சொல்றாக. போக மாட்டேங்கறாரு. பஸ் சத்தம் கேட்டாலே உள்ளாற போயிருவாரு."

அவள் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது எழுதினீங்கள்ல, அது உண்மைதானாம்மா?"

"உண்மைதான் மல்லிகா. கண்ணால பார்த்துட்டுத்தான் எழுதினேன்."

"கவுஞ்சிப் புள்ளைக்குக் கை கூடிருச்சா?"

"கூடிருச்சு."

உள்ளேயிருந்து வேலுச்சாமி, "அந்தம்மா மேல தப்பில்ல புள்ள, வெரசா டீயைப் போடு" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"தப்பில்லன்னு எனக்கும் தெரியும்" என்றாள் மல்லிகா, அவர் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்து. "நல்லாத் தெரிஞ்சுதாம்மா சொல்றேன். இனிமே இங்கிட்டு வராதீங்க."

அந்த இரண்டாவது பதிவு இன்னும் தளத்தில் இருக்கிறது. போய்ப் படித்துப் பாருங்கள். அதில் ஒரு எழுத்தை மாற்றச் சொன்னாலும் மாற்ற மாட்டேன். பூண்டிப் பக்கம் போகவும் மாட்டேன்.